வெளிநாட்டுத் தமிழ் வானொலிகளைக் கேட்பதும் தொடர்புகொள்வதும் எப்படி? ஓசூர், கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

2017 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. அன்றோடு பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. 1941 மே 3 அன்று வாரம் ஒருமுறை வரும் செய்தி மடலாகத் தொடங்கி, பின்னாளில் இரவு 9.15 மணிக்கு வீடு வீடாக ஒலித்த குரல் அது. 76 ஆண்டுகள் நடந்த ஒலிபரப்பு முடிந்ததும், பல வீடுகளில் நன்னாவின் டிரான்சிஸ்டர் பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

அந்த இடத்தை இன்று பிடித்திருப்பது வாட்ஸ்அப். இரவு பதினோரு மணிக்கு, யார் பேசுகிறார்கள் என்றே தெரியாத ஒரு குரல் பதிவு வருகிறது. "வளைகுடாவில் விமானம் எல்லாம் நிறுத்திவிட்டார்கள்", "இலங்கையில் மறுபடியும் கலவரம்" என்கிறது. கணவரோ மகனோ வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் அதன் பிறகு யாருக்குத் தூக்கம் வரும்? காலையில் விசாரித்தால், பழைய செய்தியாகவோ பொய்ச் செய்தியாகவோ இருக்கும். உண்மையாக இருந்தாலும் பாதிதான் உண்மையாக இருக்கும்.

செய்தியை அது புறப்படும் இடத்திலிருந்தே கேட்கும் வழி இன்னும் இருக்கிறது. முன்பு ஒரு வழிதான் இருந்தது, இன்று மூன்று வழிகள். கேட்பதோடு நில்லாமல் அந்த நிலையத்துக்கே எழுதிக் கேள்வி கேட்கவும், தவறைச் சுட்டிக்காட்டவும் நமக்கு இடம் உண்டு. இவற்றை ஒரே இடத்தில் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எந்தெந்த நிலையங்கள்?

பிபிசி தமிழ்: தமிழோசை என்ற பெயரைச் சூட்டியவர் இலங்கைத் தமிழ் எழுத்தாளரும் ஒலிபரப்பாளருமான சோ. சிவபாதசுந்தரம். வானொலி நின்ற பிறகு பிபிசி தமிழ் இணையதளம், யூடியூப், முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் சேனல் ஆகியவற்றில் இயங்குகிறது. 2024 ஏப்ரல் முதல், பிபிசியின் இந்திய மொழிச் சேவைகளுக்கான செய்திகளை கலெக்டிவ் நியூஸ்ரூம் என்ற இந்திய நிறுவனம் தயாரித்துத் தருகிறது. இந்தியாவில் இணையச் செய்தி நிறுவனங்களில் வெளிநாட்டு முதலீட்டுக்கு 26 விழுக்காடு என்ற உச்சவரம்பு வந்ததால் ஏற்பட்ட மாற்றம் இது. பிபிசியின் ஆங்கில உலக சேவை இன்னும் சிற்றலையில் தெற்காசியாவுக்கு ஒலிபரப்பாகிறது.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்: 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலியாகப் பிறந்து, 1949-இல் ரேடியோ சிலோன் ஆகி, 1967-இல் கூட்டுத்தாபனமாக மாறிய நிலையம். 1972-இல் இன்றைய பெயரைப் பெற்றது. தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறைகள் பாட்டுக் கேட்டு வளர்ந்தது இதில்தான். "பாட்டுக்குப் பாட்டு" நிகழ்ச்சியால் புகழ்பெற்ற பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் தெளிவான தமிழ் உச்சரிப்பை இன்றும் நினைவுகூர்வோர் உண்டு. இந்நிலையத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கெனத் தனியாக முஸ்லிம் சேவை உண்டு. தென்றல் என்ற தமிழ்ப் பண்பலையும், கிழக்கு மாகாணத்தில் பிறை எப்.எம். என்ற பிராந்திய சேவையும் இதைச் சேர்ந்தவை.

சீன வானொலி தமிழ்ப் பிரிவு: 1963 ஆகஸ்ட் 1 அன்று பெய்ஜிங்கிலிருந்து தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. சீனர்களே தமிழ் கற்று, கலைமகள், வாணி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு நிகழ்ச்சி நடத்துவது இதன் தனிச்சிறப்பு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன. கடிதம் எழுதிய நேயருக்குப் பதிலும், நாட்காட்டியும், வாழ்த்து அட்டையும் அனுப்பிப் பெயர் பெற்ற நிலையம். 2018 முதல் சீன ஊடகக் குழுமத்தின் ஓர் அங்கமாக இருக்கிறது.

ஆகாசவாணி: இந்தியாவின் வெளிநாட்டு ஒலிபரப்பு 1939 அக்டோபர் 1 அன்று பஷ்தூ மொழியில் தொடங்கியது. பின்னர் தமிழும் சேர்ந்தது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தமிழர்களுக்காக இங்கிருந்து போன குரல் அது. வெளிநாட்டுச் செய்தியில் இந்திய அரசின் அறிவிப்பு என்ன என்பதை அறிய இன்றும் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று.

சிங்கப்பூர், மலேசியா: சிங்கப்பூரின் ஒலி 96.8, மலேசியாவின் மின்னல் எப்.எம். இரண்டும் உள்நாட்டு நிலையங்கள்தான். ஆனாலும் இணையத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் கேட்கலாம். அந்த நாடுகளில் உறவினர் இருப்போருக்குப் பயன்படும்.

உருது அறிந்த வீடுகளுக்கு: நம் மாவட்டத்தில் வீட்டில் உருது பேசி, வெளியே தமிழும் கன்னடமும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் ஏராளம். ஜப்பானின் என்.எச்.கே. வேர்ல்ட் நிலையத்தில் தமிழ் இல்லை, ஆனால் உருது, இந்தி, வங்காள மொழிகளில் செய்தி உண்டு. தமிழ்ச் செய்தியை வேகமாகப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் தாதா, தாதிக்கு இது உதவும்.

முதல் வழி: வானொலிப் பெட்டியிலேயே கேட்பது

"என் போனில் எப்.எம். இருக்கிறதே, அதில் கொழும்பு வராதா?" என்று பலர் கேட்கிறார்கள். வராது. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வது. கோபுரத்திலிருந்து சில பத்து கிலோமீட்டர் வரைதான் தெளிவாகக் கிடைக்கும். ஓசூரில் பெங்களூரு ஆகாசவாணியின் 101.3, 102.9 பண்பலைகள் கிடைப்பதும், கிருஷ்ணகிரிப் பக்கம் தருமபுரி நிலையத்தின் 102.5 கிடைப்பதும் இதனால்தான்.

மத்திய அலை பகலில் அருகிலும், இரவில் வெகுதூரமும் செல்லும். சிற்றலை, அதாவது ஷார்ட்வேவ், வானத்தின் மேலடுக்கில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடக்கும். ஆகவே வெளிநாட்டு நிலையத்தைப் பெட்டியில் கேட்க வேண்டுமானால் அதில் "எஸ்.டபிள்யூ." என்ற பகுதி இருக்க வேண்டும். வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள். எப்.எம். மட்டும் உள்ள பெட்டி இதற்கு உதவாது.

சிற்றலை பல பட்டைகளாகப் பிரிந்திருக்கிறது. முக்கியமானவை:

1. 49 மீட்டர் – 5,900 முதல் 6,200 கிலோஹெர்ட்ஸ் வரை – இரவில்
2. 41 மீட்டர் – 7,200 முதல் 7,450 வரை – இரவில்
3. 31 மீட்டர் – 9,400 முதல் 9,900 வரை – மாலை முதல் காலை வரை
4. 25 மீட்டர் – 11,600 முதல் 12,100 வரை – காலையும் மாலையும்
5. 19 மீட்டர் – 15,100 முதல் 15,800 வரை – பகலில்

பெட்டியில் மீட்டர் மட்டும் எழுதியிருந்தால் கணக்கு எளிது. 3,00,000 என்ற எண்ணைக் கிலோஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும். 9,500 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 31.6 மீட்டர்.

நிலையங்கள் தங்கள் சிற்றலை எண்களை ஆண்டுக்கு இருமுறை மாற்றுகின்றன. மார்ச் மாதக் கடைசி ஞாயிறும், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் மாறும் நாட்கள். கோடையில் நன்றாகக் கேட்ட நிலையம் நவம்பரில் காணாமல் போனால் பெட்டி கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். "ஷார்ட்-வேவ் டாட் இன்ஃபோ" என்ற இணையதளத்தில் நிலையத்தின் பெயரையோ நேரத்தையோ கொடுத்தால், அந்தப் பருவத்தின் எண்களைக் காட்டும். பழைய புத்தகத்திலோ யாரோ அனுப்பிய படத்திலோ உள்ள எண்களை நம்ப வேண்டாம்.

நம் பகுதியில் இரைச்சல் ஏன் அதிகம்?

சிப்காட்டைச் சுற்றிக் குடியிருப்போர் அடிக்கடி சொல்லும் குறை இது. வெல்டிங் இயந்திரம், பெரிய மோட்டார், வேகம் மாற்றும் மின்கருவி ஆகிய எல்லாமே வானொலி அலையில் இரைச்சலைக் கலக்கும். வீட்டுக்குள் இருக்கும் மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவையும் அதே வேலையைச் செய்யும். சில எளிய வழிகள்:

1. பெட்டியை மின்சாரத்தில் ஓட்டாமல் பேட்டரியில் ஓட்டுங்கள். பாதி இரைச்சல் இதிலேயே குறைந்துவிடக் கூடும்.
2. ஜன்னல் ஓரம் அல்லது மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். கான்கிரீட் லைன் வீட்டின் நடு அறையில் அலை நுழைவது கடினம்.
3. பல்பு, சார்ஜர், டி.வி. ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எது அணைந்ததும் இரைச்சல் குறைகிறதோ அதுதான் காரணம்.
4. ஐந்து முதல் பத்து மீட்டர் செம்புக் கம்பியைப் பெட்டியின் ஏரியலில் மாட்டி, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே கட்டுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். இடி, மின்னல் வருமுன் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். ஆகாசவாணியின் 500 கிலோவாட் சிற்றலைக் கோபுரங்கள் நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு அருகே அமைக்கப்பட்டவை. ஆனாலும் அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும் ஒலிபரப்பு நம் பெட்டியில் சரியாகக் கேட்காமல் போகலாம். வானத்தில் பட்டுத் திரும்பும் அலை நம் தலைக்கு மேலே தாண்டிச் சென்று, வெகுதூரத்தில்தான் இறங்குகிறது. தூரத்து நிலையம் கேட்டு, பக்கத்து நிலையம் கேட்காமல் போவது சிற்றலையின் இயல்பு.

வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டுமா என்று மூத்தவர்கள் சிலர் இன்றும் கேட்கிறார்கள். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டிய அந்த உரிமம் 1980-களிலேயே நீக்கப்பட்டது. கேட்பதற்கு இப்போது உரிமம் தேவையில்லை. அலையை அனுப்பும் கருவிக்குத்தான் அரசின் அனுமதி வேண்டும்.

இரண்டாம் வழி: செல்போனில் நேரலை

1. நியூஸ் ஆன் ஏர்: பிரசார் பாரதியின் செயலி. இருநூறுக்கும் மேற்பட்ட ஆகாசவாணி நிலையங்களை இதில் கேட்கலாம்.
2. மீலிசன்: சிங்கப்பூரின் ஒலி 96.8 கேட்க.
3. ஆர்.டி.எம். கிளிக்: மலேசியாவின் மின்னல் எப்.எம். கேட்க.
4. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இணையதளம்: "எஸ்.எல்.பி.சி. டாட் எல்.கே." என்ற முகவரி. தமிழ்ச் சேவைகளை அங்கே தேர்ந்தெடுக்கலாம்.
5. ரேடியோ கார்டன், டியூன்இன்: உலக நிலையங்களைத் திரட்டித் தரும் செயலிகள். ரேடியோ கார்டனில் உலக உருண்டையைச் சுழற்றி, ஊரின் மேல் வைத்தால் அவ்வூர் நிலையம் ஒலிக்கும். பிள்ளைகளுக்குப் புவியியல் பாடமும் ஆகும்.

டேட்டா செலவு பலருடைய கவலை. ஒலி மட்டும் கேட்டால் செலவு குறைவு. 64 கிலோபிட் வேகத்தில் ஒலிக்கும் நிலையத்துக்கு மணிக்குச் சுமார் 29 எம்.பி., 128 கிலோபிட் என்றால் சுமார் 58 எம்.பி. ஆகும். அதே செய்தியை யூடியூபில் படமாகப் பார்த்தால் பல மடங்கு போகும். மாதம் முழுவதும் தினமும் அரை மணி நேரம் குறைந்த வேகத்தில் கேட்டால் அரை ஜி.பி. கூட ஆகாது.

சிற்றலைப் பெட்டி இல்லாமலேயே சிற்றலையைக் கேட்க ஒரு வழி உண்டு. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் தன் வானொலி ஏற்பியை இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. "ட்வென்டே வெப் எஸ்.டி.ஆர்." என்று தேடினால் கிடைக்கும். அங்கே கேட்கும் அலைகளை நம் போனில் கேட்கலாம். ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

மூன்றாம் வழி: நேரம் கிடைக்கும்போது கேட்பது

ஓசூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இதுவே மிகவும் பொருந்தும். இரவு 9.15 மணிக்குச் செய்தி என்றால், இரண்டாம் ஷிஃப்டில் இருப்பவர் அந்த நேரம் இயந்திரத்தின் முன் நிற்பார். யூடியூபில் ஏற்றப்பட்டதைக் கம்பெனி பஸ்ஸில் வரும்போதோ, மறுநாள் காலையிலோ கேட்டுக்கொள்ளலாம். வீட்டு வைஃபையில் முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துகொண்டால் வழியில் டேட்டா செலவும் இல்லை.

யூடியூபில் ஒரு எச்சரிக்கை. பிபிசி, ஆகாசவாணி ஆகியவற்றின் சின்னத்தைப் போலவே சின்னம் வைத்துக்கொண்டு போலிச் சேனல்கள் உண்டு. நிலையத்தின் இணையதளத்துக்குச் சென்று, அங்கிருக்கும் யூடியூப் குறியைத் தொட்டு நுழையுங்கள். அப்படி நுழைந்தால் ஏமாற வழியில்லை.

பெரியவர்களுக்கு எப்படி அமைத்துத் தருவது?

நன்னாவுக்குக் கண் மங்கல், தொடுதிரை பழக்கமில்லை. அவருக்குச் செயலியைக் கற்றுக்கொடுத்துப் பயனில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய போன் ஒன்று வீட்டில் இருக்கும். அதில் ஒரே ஒரு செயலியை மட்டும் முகப்பில் வையுங்கள். அவர் விரும்பும் நிலையத்தைப் பிடித்தமானதாகக் குறித்துவிடுங்கள். ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கரை இணைத்துவிட்டால், ஒரு தொடுதலில் குரல் வரும். சார்ஜ் போடுவதும், தினமும் ஒருமுறை திறந்து கொடுப்பதும் பேரப்பிள்ளையின் பொறுப்பு. அந்த நேரத்தில் இருவரும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. வெளியூர்ச் செய்திக்கு விளக்கம் சொல்லும் ஆள் வீட்டிலேயே இருக்கிறார்.

நேரக் கணக்கு

வெளிநாட்டு நிலையங்கள் உலகப் பொது நேரத்தில் அட்டவணை தருகின்றன. அதை யூ.டி.சி. என்பார்கள். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம். 14.00 யூ.டி.சி. என்றால் நமக்கு இரவு 7.30. 15.45 என்றால் இரவு 9.15.

– கொழும்பு: நம் நேரமே
– சிங்கப்பூர், மலேசியா, பெய்ஜிங்: நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே
– துபாய், மஸ்கட்: ஒன்றரை மணி நேரம் பின்னே
– சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைன்: இரண்டரை மணி நேரம் பின்னே
– லண்டன்: குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நான்கரை மணி நேரம் பின்னே

ரமலான் காலத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொழும்பு நிலையம் அறிவிக்கும் பிறை, இலங்கை மக்களுக்கானது. வளைகுடாவிலிருந்து வரும் அறிவிப்பு அந்தந்த நாட்டுக்கானது. வெளிநாட்டு வானொலியில் கேட்டதை "பிறை தெரிந்துவிட்டது" என்று மட்டும் எழுதி இங்கே பரப்பினால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த நாட்டின் அறிவிப்பு என்பதைச் சேர்த்தே சொல்லுங்கள். நம் ஊருக்கு நம் ஜமாஅத்தின் அறிவிப்பையே பாருங்கள்.

நிலையத்தைத் தொடர்புகொள்வது எப்படி?

ஒலிபரப்பாளருக்குத் தன் குரல் எங்கே கேட்கிறது, எப்படிக் கேட்கிறது என்பது நேயர் சொன்னால்தான் தெரியும். அதனால் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு. தொடர்பு மூன்று வகைப்படும்.

ஒன்று, கருத்துக் கடிதம். நிகழ்ச்சி பிடித்தது, இன்ன தலைப்பில் நிகழ்ச்சி வேண்டும், இந்தச் சொல் புரியவில்லை என்பன போன்றவை. இணையதளத்தின் அடியில் "தொடர்புக்கு" என்ற பகுதியில் மின்னஞ்சலோ படிவமோ இருக்கும். தபாலில் அனுப்ப விரும்பினால் இரண்டு முகவரிகள்: இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், சுதந்திரச் சதுக்கம், கொழும்பு 7, இலங்கை. ஆகாசவாணி பவன், சன்சத் மார்க், புது தில்லி 110001. வெளிநாட்டுத் தபால் கட்டணத்தை அஞ்சலகத்தில் கேட்டு ஒட்டுங்கள். முகவரியில் நாட்டின் பெயரை ஆங்கிலத்திலும் எழுதுங்கள்.

இரண்டு, ஒலி அறிக்கை. சிற்றலையில் கேட்டவர்கள், ஒலி எப்படி இருந்தது என்று எழுதி அனுப்புவது. அறிக்கை சரியாக இருந்தால் பல நிலையங்கள் "கியூ.எஸ்.எல்." எனும் உறுதிப்படுத்தும் அட்டையை அனுப்பும். படத்துடன் வரும் இந்த அட்டைகளைச் சேகரிப்பது உலகெங்கும் உள்ள பொழுதுபோக்கு. ஒலியின் தரத்தை "சின்போ" என்ற ஐந்து எண்களால் சொல்வார்கள். அலையின் வலு, பிற நிலையக் குறுக்கீடு, இரைச்சல், ஒலி ஏறி இறங்குவது, மொத்தத் தரம் என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் மிக நன்று, ஒன்று என்றால் மிக மோசம். 4-5-3-4-4 என்று எழுதினால், அலை வலுவாக இருக்கிறது, குறுக்கீடு இல்லை, இரைச்சல் ஓரளவு உண்டு என்று பொறியாளருக்குப் புரிந்துவிடும்.

மூன்று, புகார். நம் ஊரைப் பற்றியோ சமூகத்தைப் பற்றியோ ஒரு செய்தி தவறாக வந்தால் நாம் என்ன செய்கிறோம்? முகநூலில் கோபமாக எழுதுகிறோம், அதோடு முடிகிறது. செய்தி ஆசிரியரிடம் அது போய்ச் சேர்வதே இல்லை. முறையான புகார் பதிவாகும், அதற்குப் பதில் கேட்கவும் முடியும். புகாரில் இருக்க வேண்டியவை: செய்தியின் தலைப்பு, தேதி, நேரம். எந்த வாக்கியம் தவறு. சரியான தகவல் என்ன. அதற்கு ஆதாரம் எது. என்ன வேண்டும், அதாவது திருத்தமா, விளக்கமா. கோபமான சொற்கள் ஆதாரத்தின் வலுவைக் குறைத்துவிடும். தாமதிக்கவும் கூடாது. பிபிசியின் பொது விதிப்படி, வெளிவந்த 30 வேலை நாட்களுக்குள் புகார் அனுப்ப வேண்டும். அனுப்பியதன் நகலும், பதிவு எண் வந்தால் அதுவும் உங்களிடம் இருக்கட்டும்.

மாதிரிக் கடிதம்

தமிழ்ப் பிரிவு நேயர் தொடர்பு அலுவலர் அவர்களுக்கு,

நான் தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஒலிபரப்பை (தேதி) அன்று, 14.00 முதல் 14.30 யூ.டி.சி. வரை, (எண்) கிலோஹெர்ட்ஸில் கேட்டேன். என் பெட்டி பேட்டரியில் ஓடும் சிறிய டிரான்சிஸ்டர். பத்து மீட்டர் கம்பி ஏரியல் பயன்படுத்தினேன். ஒலித்தரம் 4-5-3-4-4. 14.05-க்குச் செய்தியும், 14.15-க்கு (நிகழ்ச்சியின் பெயர்) நிகழ்ச்சியும் வந்தன. அதில் (கேட்ட இரண்டு விவரங்கள்) குறித்துப் பேசினீர்கள்.

என் கருத்து: (இரண்டு மூன்று வாக்கியங்கள்).

இந்த அறிக்கை சரியென்றால் உறுதி அட்டை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(பெயர், முழு முகவரி, அஞ்சல் குறியீட்டு எண்)

நிகழ்ச்சியில் என்ன வந்தது என்பதை எழுதுவது அவசியம். நீங்கள் உண்மையிலேயே கேட்டீர்கள் என்பதற்கு அதுவே சான்று. சிறுவர்கள் எழுதினால் பெற்றோர் படித்துப் பார்த்து அனுப்புங்கள். ஆதார் எண், வங்கி விவரம் ஆகியவற்றை எந்த வானொலியும் கேட்காது. "எங்கள் நிலையத்தின் பரிசு உங்களுக்கு விழுந்திருக்கிறது, பணம் கட்டுங்கள்" என்று வந்தால் அது மோசடி, பதில் சொல்லாதீர்கள்.

கேட்டதை எப்படி எடைபோடுவது?

எந்த வானொலிக்கும் பணம் தருபவர் ஒருவர் உண்டு. சீன வானொலியும் ஆகாசவாணியும் இலங்கைக் கூட்டுத்தாபனமும் அரசு சார்ந்தவை. பிபிசி உலக சேவை பிரிட்டன் மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்திலும், அந்நாட்டு அரசின் மானியத்திலும் நடக்கிறது. இதனால் இவை சொல்வதெல்லாம் பொய் என்றாகிவிடாது. தன் நாட்டைப் பற்றிய செய்தியில் ஒரு நிலையம் எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே செய்தியை இரண்டு நாட்டு நிலையங்களில் கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஒத்துவரும் பகுதி பெரும்பாலும் உறுதியானது. வேறுபடும் பகுதியில் பொறுமை காட்டுங்கள்.

அடுத்த முறை இரவில் ஒரு குரல் பதிவு வந்து வீட்டார் பதறும்போது இப்படிச் செய்யுங்கள். முதலில் யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்த நாட்டில் இருக்கும் உங்கள் ஆளுக்கு ஒரு அழைப்பு. எடுக்கவில்லையென்றால் நிலையங்கள் இரண்டின் செய்தி. வேலை, விமானம், விசா தொடர்பானதாக இருந்தால் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பு. இத்தனையும் பதினைந்து நிமிட வேலைதான். அந்தப் பதினைந்து நிமிடம் பொறுத்தால், உங்கள் குழுவில் இருக்கும் நூறு வீடுகள் அன்று நிம்மதியாகத் தூங்கும்.

பரணில் கிடக்கும் டிரான்சிஸ்டரை இறக்கித் தூசு தட்டுங்கள். இரண்டு பேட்டரி போட்டு, மாடியில் கொண்டுபோய் வைத்து, மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். எங்கேயாவது ஒரு குரல் கிடைக்கும். கேட்டதும் அந்த நிலையத்துக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள்.